மொரீஷியஸ்ல பெரிய டான்ஸ் பேண்ட் சேர்க்கணும்னா ராவான்ல ஆரம்பிங்க

இங்க கல்யாண ரிசப்ஷன்னா பல இடத்துல பென்டிரைவ்ல ட்ராக்கைப் போட்டு ஒருத்தர் மைக் புடிச்சிப் பாடிட்டுப் போயிடறாரு. இந்தச் சின்னத் தீவுல இவ்ளோ வாசிக்கறவங்க இருந்தும் அப்படி நடக்கறது எனக்கு ரொம்ப வருத்தம். பத்துப் பன்னெண்டு பேர் லைவா வாசிச்சா ஹாலே வேற மாதிரி ஆயிடும்.

எல்லாரும் முதல்ல பாடகரையும் கீபோர்டையும் தேடுவாங்க, நீங்க ராவான் அடிக்கறவரைத் தேடுங்க, ராவான்னா இந்தத் தீவோட பெரிய வட்டத் தோல் பறை. கூடவே மராவான் (உள்ள விதை போட்டு ஆட்டற பெட்டி), ட்ரையாங்கிள். மொரீஷியஸோட பாட்டும் ஆட்டமுமான பாரம்பரிய செகாவுக்கு இந்த மூணும்தான் உயிர், 2014ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததும் இந்த செகாதான். அடுத்து உங்க கோவில்ல தவில் வாசிக்கறவர்கிட்ட பேசுங்க. செகா ஆறு தட்டு, மூணு மூணா வரும், அவர்கிட்ட திஸ்ரம், தகிட தகிடன்னு சொன்னா உடனே புரிஞ்சிடும். நம்ம டப்பாங்குத்தும் பெரும்பாலும் அதே நடைதான், அதனால குத்துப்பாட்டுல இருந்து செகாவுக்கு தாளத்தை நிறுத்தாமலே தாவலாம், ஆடறவங்க கால் நிக்காது. ஆனா அழுத்தம் விழற இடம் ரெண்டுலயும் வேற, அதனால முதல் ரிகர்சல்ல தவில்காரர் வாசிக்காம ராவான் பக்கத்துல உட்கார்ந்து கேட்கட்டும். ட்ரம்ஸ் செட் வேணும்னா வைங்க, ராவானோட சத்தத்தை மட்டும் அது முழுங்கிடக் கூடாது.

அப்புறம் ஊதற வாத்தியங்கள். ரெண்டு ட்ரம்பெட், ஆல்டோ சாக்ஸபோன் ஒண்ணு, டெனர் சாக்ஸபோன் ஒண்ணு, ட்ராம்போன் ஒண்ணு இருந்தா போதும், பெரிய பேண்ட் சத்தம் வந்துடும். போலீஸ் பேண்ட்ல இருந்து ரிடையர் ஆனவங்க, காத்ர் போர்ன் ஊர்ல இருக்கற கன்சர்வத்துவார்ங்கற இசைப்பள்ளியில படிக்கற பசங்க, இவங்களை விசாரிங்க. தபலாவுக்கும் கர்நாடக சங்கீதம் தெரிஞ்ச குரலுக்கும் மோக்கா மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட் பக்கம் கேளுங்க.

பேண்ட்ல சண்டை வர்றது ஸ்ருதியிலதான், அதனால கட்டையை, அதாவது எந்த ஸ்ருதியில பாடறதுங்கறதை, முதல்லயே முடிவு பண்ணிடுங்க. ட்ரம்பெட், சாக்ஸபோன்லாம் தாள்ல எழுதற ஸ்வரம் ஒண்ணு, காதுல கேட்கறது வேற. பாடகர் 5 கட்டைன்னு சொன்னா அது ஜி, அதே பாட்டை ட்ரம்பெட்டும் டெனரும் ஏ-ல வாசிக்கணும், ஆல்டோ ஈ-ல, ட்ராம்போன் மட்டும் ஜி-யிலயே. 4 கட்டைக்கு இறங்க முடியுமான்னு பாடகர்கிட்ட அன்பா கேட்டுப் பாருங்க, அப்ப ட்ரம்பெட்டுக்கு ஜி, ஆல்டோவுக்கு டி, புதுப் பசங்களுக்கும் விரல் சுலபமா ஓடும். ஆளாளுக்கு தனித்தாள் எழுதிக் கொடுத்துடுங்க, மேடையில போய் கணக்குப் போட வைக்காதீங்க. நாதஸ்வரம் சேர்த்தா அதோட ஸ்ருதிக்குத்தான் மத்தவங்க வரணும், கீபோர்டை ட்யூன் பண்ணிக்கலாம், நாதஸ்வரத்தை அப்படிப் பண்ண முடியாது.

ரிகர்சலை மொத்தமா வைக்காதீங்க. தாளக்காரங்க தனியா, ஊதறவங்க தனியா, அப்புறம்தான் சேர்ந்து, இல்லாட்டி ட்ரம்பெட்டுக்கு ஒரு வரி சொல்லிக் கொடுக்கறதுக்குள்ள மீதி பேர் போனைப் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. ரெண்டு மூணு பாட்டா கோத்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தற மாதிரி போடுங்க. செகாவே அப்படி மெதுவா ஆரம்பிச்சு சூடேறற ஆட்டம்தான்.

ராவான் ஆட்டுத்தோல். ஈரக்காத்து பட்டா தொளதொளன்னு ஆயிடும், மேடை ஏறறதுக்கு முன்னாடி நெருப்புல காட்டியே ஆகணும். ஹாலுக்குள்ள விடமாட்டாங்க, அதனால கார் பார்க் ஓரமா இடம் கேட்டு வைங்க. காஞ்ச புல்லோ பேப்பரோ கொளுத்தி, தோலைத் தீ நக்காத தூரத்துல சுத்திச் சுத்திக் காட்டி, நடுவுல நடுவுல விரலால தட்டிப் பார்ப்பாங்க, மந்தமா இருந்த சத்தம் கணீர்னு மாறும் வரைக்கும். இதுக்கு நேரம் ஒதுக்காம சவுண்ட் செக் வச்சா, அப்ப கேட்ட சத்தம் வேற, நிகழ்ச்சியில வர்றது வேறயா இருக்கும். ரெண்டாவது ராவான் ஒண்ணைச் சூடு பண்ணிக் கையோட வச்சுக்கோங்க, பாதியில மாத்திக்கலாம்.

காசு விஷயத்தை முதல் ரிகர்சலுக்கு முன்னாடியே பேசி முடிங்க. பாடகருக்கு எவ்ளோ, மராவான் ஆட்டறவருக்கு எவ்ளோன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி வாட்ஸப் குரூப்ல போட்டுடுங்க, என்னைக் கேட்டா எல்லாருக்கும் ஒரே தொகை, வேன் வாடகையும் சவுண்டுகாரர் பணமும் எடுத்துட்டுப் பிரிக்கறதுதான் நியாயம்.