பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைகளை ரசிக்க

1930, 40-களின் ஹாலிவுட் காதல் நகைச்சுவைகளைப் புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் டிவியின் திரை அளவைச் சரிசெய்யுங்கள். அந்தப் படங்கள் ஏறக்குறைய 4:3 சட்டத்தில் எடுக்கப்பட்டவை. திரை முழுக்க இழுத்து நிரப்பினால் முகங்கள் அகலமாகிவிடும். பாதி நடிப்பு கண் அசைவில்தான் இருக்கிறது. இருபக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைத்துவிடுங்கள். வண்ணம் பூசிய பிரதி வேண்டவே வேண்டாம்.

தொடக்கம் 1934-இன் 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்'. மணமாகாத இருவர் ஒரே அறையில் தங்க நேர்கிறது. நடுவே ஒரு கயிறு, அதில் ஒரு போர்வை. அவ்வளவுதான் சுவர்! தொடாமலே நெருக்கம் வளர்வதை அந்தப் போர்வையின் இருபுறமும் கவனித்துப் பாருங்கள். அதே ஆண்டு ஜூலையில் தணிக்கை விதிகள் இறுகின. முத்தத்துக்குக் கட்டுப்பாடு வந்ததால் காதல் முழுவதும் பேச்சுச் சண்டைக்குள் புகுந்துகொண்டது. இந்த வகைப் படங்களின் அழகே அதுதான்.

அடுத்து 'தி ஷாப் அரவுண்ட் த கார்னர்' (1940). முகம் தெரியாத காதலனின் கடிதத்தைத் தேடி அஞ்சல் பெட்டிக்குள் துழாவும் நாயகியின் அந்தக் கையுறைக் கையைத் தவறவிடாதீர்கள்.

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) மூன்றாவதாக இருக்கட்டும். ஒருவர் பேச்சின் மீதே மற்றவர் பேசுவார்; இதில் தொடங்கினால் சப்டைட்டிலைத் துரத்தியே களைத்துவிடுவோம். காப்புரிமை இல்லாத படம் என்பதால் மங்கலான பிரதிகள் நிறைய உலவுகின்றன. சீரமைக்கப்பட்ட பிரதியாகத் தேடி எடுங்கள்.