குயின்ஸ்லாந்தில் புகை அலாரம்: கடைக்குப் போகுமுன் ஏணியில் ஏறுங்கள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகர் பிரிஸ்பேனில் சொந்த வீடு வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது, "எந்த அலாரம் வாங்கலாம்?" என்றுதான். உங்கள் சீலிங்கில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் சட்டம். ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரங்கள் கட்டாயம் என்ற விதி 2017 ஜனவரி 1 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கும் பெரிதாகப் புதுப்பிக்கும் வீடுகளுக்கும் வந்தது. 2022 ஜனவரி 1 முதல் விற்கிற, வாடகைக்கு விடுகிற வீடுகளுக்கு. 2027 ஜனவரி 1 முதல் மிச்சமுள்ள எல்லா வீடுகளுக்கும். 2011 ஆகஸ்டில் லோகன் நகரின் ஸ்லாக்ஸ் கிரீக்கில் ஒரே வீட்டுத் தீயில் 11 பேர் இறந்துபோனார்கள். இந்த விதிகள் அதற்குப் பிறகு வந்தவை.

1. பழையதைப் பாருங்கள்

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அலாரத்தைத் திருகிக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். தயாரித்து 10 வருடம் தாண்டியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். கதிரியக்கக் குறி தெரிந்தால் அது அயனி வகை. புதிய விதியில் அதற்கு இடமில்லை. ஒளிமின் (ஃபோட்டோஎலக்ட்ரிக்) வகைதான் வேண்டும். மெத்தையோ சோபாவோ கொழுந்து விடாமல் புகைந்துகொண்டே இருக்கும் தீயை, உள்ளே விழும் ஒளி சிதறுவதை வைத்து அது சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

சீலிங்கிலிருந்து 240 வோல்ட் வயர் வருகிறதா? அப்படியானால் அந்த இடத்தில் மறுபடியும் வயர் அலாரம்தான் போட வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை அது, வயரை நீங்கள் தொடாதீர்கள்.

2. எண்ணுங்கள்

ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒன்று. படுக்கையறைகளை வீட்டின் மற்ற பகுதியோடு சேர்க்கும் நடைக்கு ஒன்று. படுக்கையறையே இல்லாத தளமானால், வெளியேறும் வழியில் ஒன்று. மாடியில் மூன்று படுக்கையறையும் ஒரு நடையும், கீழே கூடமும் சமையலறையும் மட்டும் என்றால் மொத்தம் ஐந்து. தைத்து இஸ்திரி போடும் அறையில் ஊரிலிருந்து வந்த அம்மா படுக்கிறார் என்றால், அதையும் படுக்கையறையாகவே எண்ணுவேன்.

3. வாங்குங்கள்

பெட்டியில் ஏஎஸ் 3786-2014 என்ற ஆஸ்திரேலியத் தரக்குறி இருக்க வேண்டும். வயர் இல்லாத இடத்துக்குக் கழற்ற முடியாத 10 வருட பேட்டரி உள்ள அலாரம் வாங்கலாம். எல்லாம் ஒன்றோடொன்று இணைய வேண்டும்: கீழே புகைந்தால் மாடியிலும் அலற வேண்டும். வயர்லெஸ் இணைப்பும் செல்லும். சலுகை விலைக்கு ஆசைப்பட்டு இரண்டு கம்பெனி அலாரங்களை வாங்கினேன். ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குப் புரியவே இல்லை. ஒரே கம்பெனியாக வாங்குங்கள்.

4. மேசையில் இணையுங்கள், பிறகு மாட்டுங்கள்

கையேட்டில் உள்ளபடி எல்லாவற்றையும் மேசையில் வைத்தே இணைத்துவிடுங்கள். ஏணியில் நின்றுகொண்டு பட்டன் தேடுவது கொடுமை.

சீலிங்கில் மாட்டும்போது அளவு நாடா அவசியம். சீலிங்கும் சுவரும் சேரும் மூலையிலிருந்தும் விளக்கிலிருந்தும் குறைந்தது 300 மில்லிமீட்டர். ஃபேன் இறக்கையிலிருந்தும் ஏசி காற்று வரும் வாயிலிலிருந்தும் 400 மில்லிமீட்டர் தள்ளி. சமையலறைக்குள் வேண்டாம். மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் வீடே அலறும். சாம்பிராணி போடும் வெள்ளிக்கிழமைகளில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அலாரத்தின் மேல் பாலித்தீன் பையைக் கட்டாதீர்கள்.

5. அழுத்திப் பாருங்கள்

ஒன்றின் சோதனைப் பட்டனை அழுத்துங்கள். எல்லாம் ஒலிக்கிறதா என்று அறைக்கு ஓர் ஆளை நிறுத்திக் கேளுங்கள்.

வாடகை வீடா? அலாரம் போடுவது வீட்டுக்காரர் பொறுப்பு. புதிதாகக் குடிவந்தாலும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாலும், அதற்கு முந்தைய 30 நாளுக்குள் அவர் சோதித்துச் சுத்தம் செய்திருக்க வேண்டும். குடியிருக்கும்போது 12 மாதத்துக்கு ஒருமுறையாவது சோதித்துத் தூசி தட்டுவது நம் வேலை. வேலை செய்யவில்லை என்றால் உடனே வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள். சத்தம் பொறுக்காமல் கழற்றிப் பரணில் போடுவது சட்டப்படி குற்றம்.