ஊத் வாத்தியத்தை எஃபெக்ட் பெடல்களோடு இணைப்பது எப்படி?

வாத்தியத்தின் ஒலியை மாற்றும், காலால் இயக்கும் கருவிகளான எஃபெக்ட் பெடல்கள் சந்தையில் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மின் கிதாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அரபு, துருக்கிய இசையில் வாசிக்கப்படும் ஊத் வாத்தியமோ, கழுத்தில் மெட்டுகள் (சுரங்களைப் பிரிக்கும் குறுக்குக் கட்டைகள்) இல்லாதது. ஐந்து இரட்டைத் தந்திகளும் ஒரு தனி மந்திரத் (கீழ்ச்சுருதித்) தந்தியுமாக வழக்கமாகப் பதினொரு தந்திகள் கொண்டது. மீட்டிய சுரம் சட்டென்று எழுந்து விரைவில் அடங்கிவிடுவது. எந்தப் பெடலை வாங்கலாம், எதை எவ்வளவு திருகலாம் என்பதையெல்லாம் இந்த மூன்று இயல்புகளை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில், தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப்பைக் கவனிப்போம். ஊத்தின் தந்திகள் நைலான் போன்ற இழைகளால் ஆனவை. மந்திரத் தந்திகளின்மேல் சுற்றப்படுவதும் பெரும்பாலும் வெள்ளிப் பூச்சிட்ட செம்புக் கம்பிதான் என்பதால், எஃகுத் தந்தியின் அசைவை நம்பி இயங்கும் காந்தப் பிக்கப் இங்கே பயன்படாது. மேலும், தந்திகள் குதிரையிலேயே (பலகையின்மேல் ஒட்டப்பட்ட தாங்கியிலேயே) முடிச்சிடப்படுவதால், கிதாரில் தந்திகளைத் தாங்கும் எலும்புப் பட்டைக்கு அடியில் வைக்கும் வகையும் பொருந்தாது. எனவே, குதிரையிலோ அதன் அருகே பலகையிலோ ஒட்டப்படும் பீசோ வில்லையே (அதிர்வை நேரடியாக உணரும் பிக்கப்) பெரும்பாலோரின் தேர்வாக இருக்கிறது. ஒட்டும் இடம் சிறிது நகர்ந்தாலே மந்திர ஒலிகளுக்கும் உச்ச ஒலிகளுக்கும் இடையிலான சமநிலை மாறிவிடும். அதனால், எளிதில் பிரித்தெடுக்கக்கூடிய பசையால் முதலில் ஒட்டி, எல்லாத் தந்திகளும் ஒரே அளவில் கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே நிலையாகப் பொருத்துங்கள்.

பீசோவை நேரடியாகப் பெடலில் செருகக் கூடாது. பெடல்களின் உள்ளீட்டு இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) பொதுவாக 1 மெகா ஓம் அல்லது அதற்கும் குறைவு. சில பழைய பாணி ஃபஸ் (ஒலியைக் கடுமையாகக் கரகரப்பாக்கும்) பெடல்களில் அது 10 கிலோ ஓம் அளவுக்குக்கூடத் தாழ்ந்துவிடும். அப்படி இணைத்தால் மந்திர நாதம் கரைந்து, தகரத்தைத் தட்டியது போன்ற ஓசை மட்டுமே மிஞ்சும். 10 மெகா ஓம் அளவில் உள்ளீடு கொண்ட ஒரு ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) இந்தக் குறையைத் தீர்த்துவிடும். பணம் ஓரளவுதான் இருக்கிறது என்றால், அதை எஃபெக்டுகளில் செலவிடுவதற்கு முன் நல்ல ப்ரீஆம்புக்கே செலவிடுங்கள் என்பேன்.

அடுத்த தொல்லை ஃபீட்பேக். ஊத்தின் பெரிய குடமும் மெல்லிய பலகையும் ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலிக்குத் தாமும் அதிர்ந்து ஊளையிடத் தொடங்கும். ஒலியளவைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒலியின் அதிர்வெண் பட்டைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் ஒரு குறுகிய பட்டையைச் சற்று உயர்த்தி, அதை 80 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை மெல்ல நகர்த்திப் பாருங்கள். குடம் எந்த இடத்தில் அதிகமாக முனகுகிறதோ அந்த இடத்தை மட்டும் குறைத்துவிடுங்கள். கீழ் ஒலிகளை மொத்தமாக 100 ஹெர்ட்ஸில் வெட்டுவது தவறு. ஆறாவதான அந்தத் தனி மந்திரத் தந்தியைச் சி (C) சுரத்துக்குச் சேர்த்திருந்தால் அதன் அடிப்படை அதிர்வெண்ணே ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ்தான். ப்ரீஆம்பில் ஃபேஸ் சுவிட்ச் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) இருந்தால் அதையும் ஒருமுறை மாற்றிப் பார்ப்பது நல்லது.

பெடல்களின் வரிசையைப் பொறுத்தவரை, ப்ரீஆம்ப், டியூனர், ஈக்வலைசர், கம்ப்ரசர், ஓவர்டிரைவ் (ஒலியை மிதமாகச் சிதைப்பது), டிலே (எதிரொலி தருவது), ரிவர்ப் (அரங்கின் முழக்கம் தருவது) என்று அடுக்கினால் போதும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரசரை மென்மையாக வையுங்கள். அது அடங்கும் நாதத்தைத் தூக்கிவிடுவதால் ஃபீட்பேக்கையும் சேர்த்தே தூக்கும். இரட்டைத் தந்திகளே இயற்கையான கோரஸாக (பலர் சேர்ந்து வாசிப்பதுபோல) ஒலிப்பதால், கோரஸ் பெடல் பெரும்பாலும் தேவைப்படாது.

ஊத்துக்கு அதிகப் பயன் தருவதும், எளிதில் கெடுதல் செய்வதும் டிலேதான். ரஸ்த் என்னும் மகாமின் (அரபு இசையில் ராகம் போன்றது) மூன்றாம் சுரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே நிற்கிறது. அங்கிருந்து நஹாவந்த் மகாமுக்கு மாறினால் சாதாரண காந்தாரம் வந்துவிடும். பழைய சுரம் டிலேயில் இன்னும் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்தால் இரண்டும் மோதி, மகாம் மாறிய அழகே கேட்காமல் போகும். ஆகவே, எதிரொலிகள் இரண்டு மூன்றுக்கு மேல் போகாமலும், நேர் ஒலியில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமலும் வையுங்கள். எதிரொலியின் கூர்மையையும் குறைத்துவிட்டால், ரீஷா (ஊத்தை மீட்டும் மெல்லிய பட்டை) தந்தியில் படும் சொடுக்கு தனித் தாளம்போல உறுத்தாது. தாளத்தோடு வாசிக்கும்போது 60,000-ஐ நிமிடத்துக்கான தட்டு எண்ணிக்கையால் வகுங்கள். 80 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 750 மில்லி நொடி, அரைத் தட்டுக்கு 375.

தாளமில்லாத் தக்சிமில் (ஆலாபனை போன்ற தனி வாசிப்பில்) எனக்குப் பிடித்த முறை வேறு. சொற்றொடர் முழுவதையும் எஃபெக்ட் இல்லாமல் வாசித்து, கஃப்லாவின் (சொற்றொடரை முடிக்கும் பகுதியின்) கடைசிச் சுரத்தை மீட்டும் கணத்தில் மட்டும் டிலேயைக் காலால் இயக்கி, உடனே அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகும் எதிரொலி தானாக அடங்கும் வசதி பெடலில் இருந்தால், அடுத்த சொற்றொடருக்கு முந்தைய இடைவெளியை அந்த ஒரு சுரமே நிரப்பும். வேக மீட்டல்கள் குழம்பாமலும் இருக்கும்.

சுருதியை மாற்றும் பெடல்களில் எச்சரிக்கை தேவை. ஒரு ஸ்கேலுக்கு ஏற்ப ஜோடிச் சுரம் சேர்க்கும் ஹார்மனைசர்கள் பன்னிரண்டு சுரங்களை மட்டுமே அறிந்தவை. அவற்றுக்கு நடுவே நிற்கும் கால்சுரத்தை வாசித்தால் பொருந்தாத துணைச் சுரத்தைத் தரும். ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கச் செய்யும் ஆக்டேவர் அதிர்வெண்ணைப் பாதியாக்குவதோடு நின்றுவிடுவதால் கால்சுரம் சிதையாது. ஆனால், இரட்டைத் தந்திகள் இம்மியளவு பிசகினாலும் சில ஆக்டேவர்கள் திக்கும்.

ஓவர்டிரைவும் ஊத்தும் ஒத்துப்போகும் என்பதற்கு மின் ஊத் கலைஞர் மெஹ்தி ஹத்தாபின் வாசிப்பே சான்று. குடமுள்ள ஊத்தில் அதை முயல்வோர் ஒலியை ப்ரீஆம்புக்குப் பின் இரண்டாகப் பிரித்து, ஒன்றை டி.ஐ. பாக்ஸ் (சைகையை மிக்சருக்கு ஏற்றவாறு மாற்றும் பெட்டி) வழியாக நேரே மிக்சருக்கும், மற்றொன்றைப் பெடல்கள் வழியாகக் கிதார் ஆம்ப்ளிஃபையருக்கும் அனுப்பலாம். கிதார் ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெகுவாகக் குறைத்துவிடுவதால் பீசோவின் கீச்சொலி மட்டுப்படும். ரீஷாவின் தெளிவு நேர் ஒலியில் காக்கப்படும். ஒலிச் சோதனையின்போது ஓவர்டிரைவையும் கம்ப்ரசரையும் இயக்கிய நிலையிலேயே ஃபீட்பேக் எல்லையைக் கண்டுபிடித்து, மேடை ஒலியளவை அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.