காலேஜுக்குப் பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் சொந்தக்காரர்கள், பழைய வாடிக்கையாளர்கள் என்று போன் மேல் போன் வரும். "அக்கா, பையனை எந்தக் காலேஜில் சேர்க்கலாம்?" நான் ஒரு பொதுத்துறை வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவள். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கிளைகளில் பல வருடம் கல்விக்கடன் பார்த்தேன். எந்தப் படிப்பு உசத்தி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் படிப்புக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று கேட்டால் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருவேன்.

நான் பி.காம். முடித்த காலத்தில் எங்கள் தெருவில் பட்டம் வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம். அந்தப் பட்டம் ஒன்றே வங்கி வேலை வரை கூட்டிப் போனது. இப்போது நிலைமை வேறு. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் உயர்கல்வியில் இருப்பவர்கள் 47 சதவீதம். இந்திய அளவில் அது 28.4. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் பாதிப் பேரிடம் இருக்கும் பட்டத்தைக் காட்டி மட்டும் யாரும் வேலை வாங்க முடியாது. பட்டம் இல்லாவிட்டால் நஷ்டம், இருந்தாலும் தனி லாபம் இல்லை என்ற நிலைக்குப் பல படிப்புகள் வந்துவிட்டன. அதனால் எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி, என்ன விலை மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் விலை. இன்ஜினியரிங்கையே எடுத்துக்கொள்வோம், என் மேசைக்கு வந்ததில் பாதிக்கு மேல் அதுதான். தனியார் கல்லூரிகளுக்குத் தமிழ்நாடு அரசின் கட்டணக் குழு 2017-ல் நிர்ணயித்தபடி, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில் கவுன்சிலிங் சீட்டுக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய், மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு 87,000. முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற சான்றிதழ் இருந்தால் ஆண்டுக்கு 25,000 தள்ளுபடி, அதுவும் கவுன்சிலிங்கில் வந்தவர்களுக்கு மட்டும். ஆக ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பேரில் ஒருவர் நான்கு வருடத்தில் 1,20,000 கட்டுகிறார், இன்னொருவர் 3,48,000 கட்டுகிறார். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. "கட் ஆஃப் கொஞ்சம் குறைச்சல், எதற்கு ரிஸ்க், முன்னாடியே மேனேஜ்மெண்ட்டில் போட்டுவிடலாம்" என்று ஏப்ரலிலேயே அட்வான்ஸ் கொடுப்பவர்கள் இந்தச் சலுகைகளை எல்லாம் கைவிடுகிறார்கள். நானூறுக்கு மேல் கல்லூரிகள் கலந்துகொள்ளும் கவுன்சிலிங் அது. சீட் காலியாக நிற்கும் கல்லூரிகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அவசரப்படாதீர்கள்.

கட்டணக் குழு சொன்ன தொகையோடு செலவு நிற்காது. பஸ், ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம், 'பிளேஸ்மெண்ட் டிரெய்னிங்', லேப்டாப் என்று எல்லாவற்றையும் நான்கு வருடத்துக்கும் எழுத்தில் கேட்டு வாங்கிக் கூட்டுங்கள். அப்புறம் யாரும் எழுதாத ஒரு வரி இருக்கிறது. பையன் படிக்கப் போகாமல் ஒரு கடையிலோ பட்டறையிலோ மாதம் 12,000 சம்பாதித்திருந்தால் நான்கு வருடத்தில் 5,76,000. அதுவும் செலவுதான்.

அடுத்தது வரவு. கல்லூரி வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸில் ஒரு பெண்ணின் படமும் '24 லட்சம்' என்ற எழுத்தும் இருக்கும். அந்த ஒரு பெண்ணுக்கு என் வாழ்த்துகள். உங்கள் பிள்ளை வகுப்பின் நடுவில் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதே நமக்கு வேண்டும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், அங்கே கொடுத்த தகவலைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். பெரும்பாலும் கண்ணில் படாத ஒரு மூலையில் என்.ஐ.ஆர்.எஃப். என்ற பெயரில் ஒரு பி.டி.எஃப். கிடக்கும். அதைத் திறந்து நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, வேலை பெற்றவர்களின் நடுச் சம்பளம். மீடியன் என்று போட்டிருப்பார்கள்.

உதாரணத்துக்கு, 120 பேர் சேர்ந்து, 80 பேர் நேரத்துக்கு முடித்து, 45 பேருக்கு வேலை கிடைத்து, நடுச் சம்பளம் 3 லட்சம் என்று இருக்கிறது என்று வைப்போம். அந்த 45 பேரில் பாதிப் பேருக்குத்தான் மூன்று லட்சமோ அதற்கு மேலோ. அதாவது சேர்ந்த 120 பேரில் 23 பேர். மேற்படிப்புக்குப் போனவர்கள் என்று தனி எண் இருக்கும், அவர்களைக் கழித்துவிட்டே பாருங்கள். அப்படியும் 'நூறு சதவீத பிளேஸ்மெண்ட்' என்ற வார்த்தை இந்தப் பட்டியலுக்கு முன் நிற்பது அபூர்வம். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுகிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள். என் அனுபவத்தில் கடன் கட்ட முடியாமல் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் மோசமான வேலையில் மாட்டியவர்கள் அல்ல. அரியர் வைத்துப் பட்டமே வாங்காதவர்கள். கட்டணம் முழுசாகப் போய்விட்டது, கையில் காட்ட ஒரு தாள் இல்லை.

பேக்கேஜ் என்று சொல்லும் தொகையில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அடக்கம். மூன்றரை லட்சம் என்றால் கைக்கு வருவது சுமார் 25,000. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் மொத்தமாக ஆள் எடுக்கும்போது தரும் தொடக்கச் சம்பளம் பல வருடமாக இந்த மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. படிப்புச் செலவு மட்டும் நிற்கவில்லை.

இனி கடன். வருடத்துக்கு 1,25,000 வீதம் நான்கு வருடத்தில் 5 லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கிடையாது. ஆனால் தனிவட்டி, அதாவது வட்டிக்கு வட்டி இல்லாமல் அசலுக்கு மட்டும் வட்டி, ஓடிக்கொண்டிருக்கும். தவணை தொடங்கும் நாளில் கடன் 6,75,000. பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 8,900. பதினைந்து வருடமாக நீட்டினால் 7,250, ஆனால் மொத்தமாகக் கட்டுவது 13 லட்சத்தைத் தாண்டும். சென்னையிலோ பெங்களூருவிலோ 25,000 வாங்கிக்கொண்டு, ரூம் வாடகையும் சாப்பாடும் போக, 8,900 கட்டும் பிள்ளை வீட்டுக்கு என்ன அனுப்பும்? நான் வைத்திருக்கும் அளவு இது: நடுச் சம்பளத்தில் கைக்கு வரும் தொகையின் நாலில் ஒரு பங்கைத் தவணை தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தக் கல்லூரியை விட்டு அடுத்ததைப் பாருங்கள்.

இந்த வட்டியைக் குறைக்க வழி உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அல்லது என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் உள்ள இடத்தில் தொழிற்படிப்பு என்றால், படிப்புக் கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, கிளையில் அதற்கு விண்ணப்பித்தார்களா என்று ஒவ்வொரு வருடமும் கேளுங்கள். கேட்காவிட்டால் விட்டுப்போகும், நான் பார்த்திருக்கிறேன். அதில் வராதவர்கள் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவாருங்கள். முதல் வருடம் அது மாதம் ஆயிரத்துச் சொச்சம்தான். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு வரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாயை அப்படியே அதற்குத் திருப்பிவிடலாம். நான்கு வருடமும், வேலை தேடும் வருடமும் வட்டியைக் கட்டி முடித்தால் பத்து வருடத் தவணை 8,900-க்குப் பதில் 6,600.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால் படிப்பையே விடச் சொல்லவில்லை. பிள்ளைக்கு வங்கி அதிகாரி தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 மேல்தான் கண் என்றால், அங்கே பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். பி.இ.-க்குத் தனி மதிப்பெண் கிடையாது. அரசு கலைக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரத்தில் மூன்றே வருடத்தில் அந்தத் தகுதி வந்துவிடும். மெஷின் மேல் ஆசை உள்ள பிள்ளையை அரசு பாலிடெக்னிக்கில் போடுங்கள். டிப்ளமோ முடித்தால் வேலைக்கும் போகலாம், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகவும் சேரலாம். "பத்திரிகையில் பேருக்குப் பின்னால் பி.இ. போடணுமே" என்று ஒரு அம்மா என்னிடமே சொன்னார். கல்யாணச் சந்தையில் அந்த இரண்டு எழுத்துக்கு விலை உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலைக்குப் பத்து வருடம் தவணை கட்டப்போவது யார் என்று கேட்டேன்.

ஒரு கல்லூரியை முடிவு செய்துவிட்டால், அங்கே ஐந்து வருடத்துக்கு முன் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று லிங்க்ட்இனில் பாருங்கள். கல்லூரிப் பக்கத்தில் பழைய மாணவர்கள் என்று தனிப் பட்டியல் இருக்கும். முதல் சம்பளம் சின்னதாக இருந்து ஐந்தாவது வருடம் ஏறினால் அந்தப் பட்டம் செலவை மீட்டுவிடும். ஐந்து வருடம் கழித்தும் அதே கால் சென்டரில் அதே பதவி என்றால் மீட்காது.

கடைசியாக, கடனில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறீர்கள். தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் உங்கள் சிபில் ஸ்கோரும் சேர்ந்தே இறங்கும், நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனால் அது தெரியும். வேலை தாமதமானாலும், அரியரால் படிப்பு நீண்டாலும், தவணை தொடங்கும் தேதிக்கு முன்பே கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள். அப்போது மேனேஜரால் காலத்தை நீட்டிக் கேட்க முடியும். கணக்கு வாராக்கடன் ஆன பிறகு வந்தால் அவர் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது.