பழைய சோலைப் பூங்காவில் ஜியோகேச்சிங்: முதல் டப்பாவைக் கண்டுபிடிக்கும் வழி

2000 மே மாதம் 2-ஆம் தேதி, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரிகான் மாநிலத்தில் ஒரு வாளிக்குள் சில பொருள்களையும் ஒரு நோட்டையும் வைத்து ஒளித்தார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் ஒளித்த டப்பாவை ஜிபிஎஸ் துணையுடன் மற்றவர்கள் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. வயதான மரங்களும் பாசி படிந்த கல்சுவர்களும் நிறைந்த பூங்காவில் இதை ஆடுவது தனி சுகம். ஆனால் அங்கே கையை அடக்கி, கண்ணால் தேடப் பழக வேண்டும்.

படி 1: டப்பாவைத் தேர்ந்தெடுங்கள்

ஜியோகேச்சிங் செயலியில் கணக்கு தொடங்கி, ‘டிரெடிஷனல்’ வகையில் (காட்டும் இடத்திலேயே டப்பா இருக்கும் எளிய வகை) ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தேடும் சிரமம், நடக்கும் பாதையின் சிரமம் என 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண்கள் இருக்கும். இரண்டுமே 1.5-க்குள் இருக்கட்டும். ‘மைக்ரோ’ வேண்டாம், அது பிலிம் டப்பி அளவுதான். கடைசியாகத் தேடியவர்கள் வரிசையாக ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் வேறு பாருங்கள்.

விவரக் குறிப்பை முழுதாகப் படியுங்கள். பழைய எல்லை மேடு, சிதைந்த வாசல் என்று ஏதோ ஒன்றை நாம் பார்க்க வேண்டும் என்றுதான் பலரும் அங்கே ஒளிக்கிறார்கள்.

படி 2: கிளம்பும் முன்

வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள். பவர் பேங்க், மூடிய காலணி, மாற்றி வைக்க ஒரு சிறு பொருள், அப்புறம் ஒரு பென்சில். ஈரத்தாளில் பேனா எழுதாது, பென்சில் எழுதும்.

படி 3: பாதையிலேயே நடங்கள்

செயலியில் டப்பாவின் திசையைக் காட்டும் அம்பு நேர்கோட்டில் காட்டும், பாதையோ வளைந்து போகும். அம்பை நம்பிப் புதருக்குள் இறங்காதீர்கள். தூரம் குறைந்துகொண்டே வந்து, மறுபடி கூடத் தொடங்கும் இடம் வரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். பெரும்பாலும் அங்கிருந்து பத்து மீட்டருக்குள் இருக்கும். மரத்தடி மண்ணை மிதித்து இறுக்கினால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது. நூற்றாண்டு கண்ட மரத்துக்கு நம்மால் அந்தக் கெடுதல் வரக் கூடாது.

படி 4: கடைசிப் பத்து மீட்டர்

அடர்ந்த மரங்களுக்கடியில் சிக்னல் இலையிலும் தண்டிலும் பட்டுச் சிதறும், அம்பு தடுமாறும். இரண்டு மூன்று திசைகளிலிருந்து நெருங்கி, ஒவ்வொரு முறையும் தூரம் ‘0’ என்று காட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்று போனைப் பையில் போடுங்கள். நான் ஒளிப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன் என்று யோசியுங்கள்: வேர்ப் பொந்து, விழுந்த மரத்தின் மறுபக்கம், பெஞ்சுக்கு அடியில்.

என் முதல் டப்பாவுக்கு முக்கால் மணி நேரம் சுற்றினேன். ஒரு மரத்தடியில் ஏழெட்டுக் குச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியதுபோல் கிடந்தன. பலமுறை தாண்டிப் போன பிறகுதான் உறைத்தது: காற்றில் விழும் குச்சி இப்படி வரிசையாகக் கிடக்காது! விலக்கினால், மூடியில் மண் ஒட்டிய பச்சை டப்பா. அந்த நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

மண்ணைத் தோண்டாதீர்கள். புதைத்து வைப்பது விதிப்படி கூடாது என்பதால் தோண்டத் தேவையே வராது. மரப்பட்டையை உரிப்பது, சுவரில் கல்லை உருவுவது இரண்டும் வேண்டாம். சாந்து பூசாத பழைய சுவரில் ஒரு கல்லை எடுத்தால் அடுத்ததும் சரியும். இடுக்கில் எட்டிப் பார்த்தும் தெரியவில்லையா? சரி, ‘கிடைக்கவில்லை’ என்று பதிந்துவிட்டு வாருங்கள். அடுத்து வருபவருக்கும் ஒளித்தவருக்கும் அது உதவும்.

படி 5: கிடைத்த பிறகு

நோட்டில் பெயர், தேதி எழுதுங்கள். ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்பில் ஒன்றை வையுங்கள். உணவுப் பொருள் கூடாது, வாசனைக்கு விலங்குகள் வந்து டப்பாவைக் கடித்துவிடும். எண் பொறித்த ‘டிராக்கபிள்’ இருந்தால் அது ஊர் ஊராகப் பயணம் போகும் பொருள். எடுத்தால் இன்னொரு டப்பாவில் சேர்க்க வேண்டும். மூடியை இறுக்கி, இருந்தபடியே மறைத்துவிட்டுச் செயலியில் பதியுங்கள்.

நீங்களே ஒளிக்க ஆசையா? இருபது முப்பது கண்டுபிடித்த பிறகு இறங்குங்கள். பூங்கா நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அருகிலுள்ள டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். டப்பா வைக்க அனுமதி இல்லாத பூங்காவில் பாறையோ ஓடைப்படுகையோ இருந்தால் ‘எர்த்கேச்’ அமைக்க அனுமதி கேட்டுப் பாருங்கள். அதில் டப்பாவே கிடையாது. வருபவர் அந்தப் பாறையை நின்று பார்த்து, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்புவார்.