வலி முழங்கையில், வேலை மணிக்கட்டில்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

துணி பிழிந்தால் வலிக்கிறது. தோசைக்கல்லைத் தூக்கினால் வலிக்கிறது. காபி டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோவதற்குள் முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்கிறது. ஆனால் "கையைச் சும்மா மடக்கி நீட்டுங்க" என்று சொன்னால், முகம் சுளிக்காமல் மடக்கி நீட்டிக் காட்டுகிறார்கள். பிசியோதெரபி அறையில் நான் அடிக்கடி கேட்கும் கதை இது. பெரும்பாலும் 35 வயதைத் தாண்டியவர்கள். வருவதற்கு முன்பே இரண்டு மூன்று மாதம் தைலம் தேய்த்துப் பார்த்திருப்பார்கள்.

மூட்டில் வலி என்றால் மூட்டு தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் இங்கே முதல் தவறு. மூட்டே கெட்டிருந்தால் மடக்கி நீட்டும்போதும் வலித்திருக்கும். டம்ளரைப் பிடித்தால் மட்டும் ஏன் வலிக்க வேண்டும்?

ஒன்று செய்து பாருங்கள். வலது முன்கையை மேசைமேல் உள்ளங்கை கீழே பார்க்க வையுங்கள். இடது கை விரல்களை வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே வைத்து, வலது கையை இறுக மூடுங்கள். விரலுக்கடியில் தசை விறைப்பது தெரியும். விரல்களை மடக்குவது உள்ளங்கைப் பக்கத் தசைகள். அப்படியிருக்க வெளிப்பக்கத் தசை ஏன் விறைக்கிறது? விரல்கள் மடங்கும்போது மணிக்கட்டும் கூடவே உள்ளே சாய்ந்துவிட்டால் பிடியில் பலம் இருக்காது. அது சாயாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதுதான் இந்தத் தசைகளின் வேலை. மணிக்கட்டைத் தூக்கும் தசைகளும் விரல்களை நீட்டும் தசைகளும் பெரும்பாலும் அந்த ஒரே மேட்டில்தான் வேர் பிடித்திருக்கின்றன. நாம் எதைப் பிடித்தாலும் அந்த வேர் இழுபடுகிறது. நாள் கணக்கில் இழுபட்டு அதன் இழைகள் நைந்துபோவதைத்தான் டென்னிஸ் எல்போ என்கிறோம். 2004இல் சச்சின் டெண்டுல்கரை ஆடவிடாமல் செய்ததும் இதுதான்; மறு ஆண்டு அறுவைச் சிகிச்சை வரை போனது. டென்னிஸ் மட்டையையே தொட்டிராத தையல்காரருக்கும் தச்சருக்கும் இட்லி மாவு வாளி தூக்குகிறவருக்கும் வருவதும் இதேதான்.

எனவே மாற்ற வேண்டியது தூக்கும் விதத்தை. உள்ளங்கை கீழே பார்க்க, கையை நீட்டி, ஒரு பொருளைத் தூக்குவதுதான் அந்த வேருக்கு மிகவும் பாரம். அதே பையை உடம்போடு ஒட்டி, உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கிப் பாருங்கள்; பாரம் வேறு தசைகளுக்குப் போய்விடும்.

அடுத்த தவறு, கையை அசைக்கவே கூடாது என்று முழு ஓய்வு கொடுப்பது. நைந்த தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் அந்த வேர், படிப்படியாகப் பாரம் ஏற்றினால்தான் பலப்படும். முன்கையை உள்ளங்கை கீழே பார்க்க மேசைமேல் வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மற்றக் கையின் உதவியோடு மணிக்கட்டை உயர்த்தி, வலிக்கும் கையால் மட்டும் மெதுவாக இறக்குங்கள். லேசான வலி இருக்கலாம். மறுநாள் வலி கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். "ஒரு ஊசி போட்டா சரியாயிடுமாமே" என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது: ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்த ஆய்வுகளில், ஊசி போடாதவர்களைவிடப் போட்டவர்களுக்கே வலி அதிகம் மிஞ்சியிருந்தது.

தமிழில் பேசும்போது வரும் ஒரு குழப்பமும் உண்டு. "நரம்பு இழுக்குது டாக்டர்" என்கிறோம். நம் பேச்சில் நரம்பு என்ற ஒரே சொல் மூன்று பொருளைச் சுமக்கிறது. புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவது ரத்தக் குழாய், அதாவது சிரை. கையை மூடும்போது மணிக்கட்டில் கயிறுபோல் எழும்பி நிற்பது தசைநாண். உண்மையான நரம்பு வெளியே தெரிவதில்லை. அது எளிதாகக் கைக்கு அகப்படும் ஓர் இடம் உண்டு: முழங்கையின் உட்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால், தோலுக்கு அடியிலேயே ஓடும் அல்நர் நரம்பு. கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி பாய்வது எலும்பில் பட்ட அடி என்று பலர் நினைக்கிறார்கள்; அது இந்த நரம்பு நசுங்குவது.

முழங்கையை மடக்கினால் இந்த நரம்பு நீளவாக்கில் இழுபடும். அது நுழைந்து போகும் பாதையும் குறுகும். மணிக்கணக்கில் போனைக் காதில் வைத்திருப்பதும், மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி உட்காருவதும், கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குவதும் அதைத்தான் செய்கின்றன. சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்துப்போனால் முதலில் முழங்கையைச் சந்தேகியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் பெரும்பாலும் மணிக்கட்டில் அழுந்தும் வேறொரு நரம்பு. எந்த விரல் என்றே பார்க்காமல் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு மாதங்களைக் கடத்துவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஆரம்ப நிலையில், இரவில் முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டி மடங்காமல் பார்த்துக்கொண்டாலே பலருக்குக் குறைகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றிப் பள்ளமாகத் தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

முழங்கையைக் கதவுக் கீல் மாதிரி நினைப்பது இன்னொரு தவறு. முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கத்து அல்னா கீல்போல் மடங்கி நீள்கிறது. கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் தன் அச்சிலேயே சுழல்கிறது. பூட்டில் சாவியைத் திருப்பும்போது அல்னாவின் குறுக்கே ரேடியஸ் புரண்டு படுப்பதால்தான் உள்ளங்கை திரும்புகிறது. சுழல்வதற்கு வசதியாக ரேடியஸின் தலை வட்டமாக இருக்கிறது; அதை ஒரு நார் வளையம் அணைத்துப் பிடித்திருக்கிறது.

சின்னக் குழந்தைகளுக்கு அந்த வளையம் இன்னும் உறுதிப்பட்டிருக்காது. பஸ் ஏற்றும் அவசரத்தில் ஒரு கையைப் பிடித்துத் தூக்குகிறோம். இரண்டு கையையும் பிடித்து ராட்டினம் சுற்றுகிறோம். வளையம் நழுவி மூட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. ஒன்று முதல் நான்கு வயதுக்குள் இது மிகவும் சகஜம். குழந்தை கொஞ்சம் அழுதுவிட்டு, கையை லேசாக மடக்கி உடம்போடு தொங்கவிட்டு, அதை அசைக்கவே மாட்டேன் என்கும். வீக்கம் இருக்காது. மருத்துவர் ஒரு திருப்பில் சரிசெய்துவிடுவார். கொஞ்ச நேரத்திலேயே குழந்தை அந்தக் கையால் பொம்மையை எடுக்கும். குழந்தையைத் தூக்க அக்குளுக்கடியில் கைகொடுங்கள்.

ஆனால் குழந்தை கீழே விழுந்திருந்தாலோ, முழங்கை வீங்கியிருந்தாலோ கதையே வேறு. கை ஊன்றி விழும் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு முறிவது சாதாரணம். அந்த முறிவுக்கு ஒட்டினாற்போல் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஓடுகிறது. இந்த முறிவைச் சுளுக்கு என்று நினைத்து உருவிவிடுவதும், எக்ஸ்ரே எடுக்காமல் பத்தை வைத்து இறுகக் கட்டுவதும் நான் பார்த்த தவறுகளிலேயே மிகக் கொடியவை. வீக்கமும் இறுக்கமும் சேர்ந்தால் முன்கைத் தசைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் கொக்கிபோல் மடங்கியபடியே நின்றுவிடும். 1881லேயே ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மான் இதை எழுதி வைத்தார். கட்டு போட்ட பிறகு, அது மருத்துவமனை மாவுக்கட்டாகவே இருந்தாலும், வலி கூடிக்கொண்டே போனால், விரல் சில்லிட்டால், மரத்தால், மடங்கிய விரலை நாம் நீட்டிவிடும்போது குழந்தை துடித்தால், நடு ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

கட்டுப் பிரித்த பிறகு மூட்டு விறைத்திருக்கும். அப்போது எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் பலவந்தமாக இழுத்து நீட்டுவதும் கூடாது. காயம்பட்ட தசைக்குள் எலும்பு படிந்து, விறைப்பு நிரந்தரமாகிவிடலாம். பிள்ளை தானாக மடக்கி நீட்டட்டும், ஒரு நாளைக்குப் பல தடவை. கடைசிப் பத்து டிகிரி நீளவில்லையே என்று கலங்குகிற பெற்றோரிடம் நான் முத்தையா முரளிதரனைச் சொல்வேன். பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கையோடு அவர் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். சாப்பிடவும், தலை வாரவும், சட்டைப் பொத்தான் போடவும், நேராக நீட்டிய கையைப் பூஜ்யம் என்று வைத்தால், 30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை மடங்கினால் போதும்.