சிம்னி ரிப்பேர்: ஆளைக் கூப்பிடும் முன் செலவைக் கணக்குப் போடுவது எப்படி?

போன ஆடி மாதம் எங்கள் வீட்டுச் சமையலறைச் சிம்னி நின்றுபோனது. பட்டனை அழுத்தினால் லைட் எரியும். உள்ளே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். ஃபேன் மட்டும் சுற்றாது. நெட்டில் தேடிக் கிடைத்த ஒரு நம்பருக்குப் போன் செய்தேன். வந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "மோட்டார் போயிருச்சுங்க்கா. மாத்தோணும். 4,800 ஆகுங்க" என்றார். பார்த்துச் சொன்னதற்கு 400 ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மனசு ஒப்பவில்லை. எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு வழக்கமாகக் காயில் கட்டித் தரும் ஈரோட்டுக் கடைக்காரரை அழைத்து வந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, ஃபேனை விரலால் சுற்றிப் பார்த்தார். தடங்கல் இல்லாமல் சுற்றியது. "மோட்டாரு நல்லாத்தான் இருக்குது அம்மிணி. கெப்பாசிட்டர்தான் போயிருச்சு" என்று, மோட்டார் சுற்ற ஆரம்பிக்க உதவும் கட்டைவிரல் அளவு வெள்ளை டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார். அதன் ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. புது டப்பாவுக்கு 150, அவர் கூலி 250. ஆக 400 ரூபாயில் வேலை முடிந்தது.

கோளாறு எது என்று நமக்கே ஓரளவு தெரிந்திருந்தால்தான், சொல்லப்படும் விலை சரியா என்று தெரியும். அதனால் இங்கே கோளாறைக் கண்டுபிடிப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். விலைகள் எல்லாம் எங்கள் பக்கம், ஈரோடு, கோவை, திருப்பூரில் நான் கொடுத்ததும் கேட்டறிந்ததும்தான். ஊருக்கும் கம்பெனிக்கும் தகுந்தபடி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

1. பேப்பர் வைத்துப் பாருங்கள்

சிம்னியை முழு வேகத்தில் ஓடவிட்டு, செய்தித்தாளில் அரைப் பக்கத்தை ஃபில்டருக்கு அடியில் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுவை நன்றாக இருக்கிறது. விழுந்துவிட்டால் சிம்னியை நிறுத்தி ஃபில்டரைக் கழற்றுங்கள். மறுபடி ஓடவிட்டு, கையை உள்ளே விடாமல், இழுவை கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். கூடினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆளைக் கூப்பிடவே வேண்டாம்.

ஃபில்டரைக் கழற்றியும் இழுவை கூடவில்லையா? வீட்டுக்கு வெளியே போய்க் குழாய் வாயைப் பாருங்கள். அங்கே காற்று வேகமாக வந்தால் குழாயில் குறை இல்லை. உள்ளே மோட்டார் சத்தம் பலமாக இருந்தும் வெளியே காற்று வரவில்லை என்றால், குழாய் நசுங்கியிருக்கும், இல்லை குருவி கூடு கட்டியிருக்கும், இல்லை காற்று திரும்பி வராமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் தடுப்பு மூடி எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

2. சத்தத்தைக் கேளுங்கள்

முனகல் மட்டும் வந்து ஃபேன் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். இதைச் சோதிக்கிறேன் என்று ஓடும் நிலையில் குச்சியை விட்டு ஃபேனைத் தள்ளிவிட வேண்டாம். கெப்பாசிட்டரை நாமே மாற்றவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும்.

கிறீச்சென்று தேய்கிற சத்தம் வந்தால் மோட்டார் தண்டைத் தாங்கும் பேரிங் அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. கடகடவென்று மொத்தச் சிம்னியும் அதிர்ந்தால், ஃபேன் இறக்கைகளில் எண்ணெய் கெட்டிப்பட்டு ஒரு பக்கம் எடை கூடியிருக்கும். அதற்குச் சுத்தம் செய்தால் போதும். எந்தச் சத்தமும் இல்லை, லைட்டும் எரியவில்லை என்றால் முதலில் பிளக் பாயிண்டில் வேறு ஏதாவது மாட்டிப் பாருங்கள். அங்கே கரண்ட் இருந்தால் அப்புறம்தான் சிம்னிக்குள் இருக்கும் கண்ட்ரோல் போர்டைச் சந்தேகப்பட வேண்டும்.

3. காற்றடிக்கும் திசையைப் பாருங்கள்

இது நம் கொங்குப் பக்கத்துக்கே உரிய விஷயம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று மேற்கிலிருந்து அடித்துத் தள்ளும். அந்தக் காற்றை நம்பித்தான் அங்கெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. சிம்னிக் குழாயின் வாய் மேற்குப் பார்த்து இருந்தால், தாளித்த புகை வெளியே போவதற்குப் பதில் திரும்பி வீட்டுக்குள் வரும். குழாயின் தடுப்பு மூடி ராத்திரியெல்லாம் படபடவென்று அடிக்கும். சிம்னி கெட்டுப்போனது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவோம்.

தீர்வு சுலபம். குழாய் வாயில் கீழ்நோக்கி வளைந்த ஒரு மூடி போட்டால் போதும். மாட்டும் கூலியோடு 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். புது வீடு கட்டுகிறவர்கள் முதலிலேயே குழாயைத் தெற்கு அல்லது கிழக்குச் சுவரில் விடச் சொல்லுங்கள்.

4. வாரண்டிச் சீட்டைத் தேடுங்கள்

மொத்தச் சிம்னிக்கு ஒரு வருடம்தான் வாரண்டி என்றாலும், மோட்டாருக்கு மட்டும் தனியாகப் பல வருடம் கொடுத்திருப்பார்கள். பில் தொலைந்திருந்தால் வாங்கிய கடையில் போன் நம்பரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கம்பெனி நம்பரை வாரண்டி அட்டையிலிருந்தோ, சிம்னியோடு வந்த புத்தகத்திலிருந்தோ எடுங்கள். நெட்டில் முதலில் வரும் நம்பர் கம்பெனியுடையது என்று நம்பித்தான் நான் 400 ரூபாய் இழந்தேன்.

5. இப்போது விலைக்கு வருவோம்

ஆள் வந்து பார்க்க 300 முதல் 500 ரூபாய். வேலையை அவரிடமே கொடுத்தால் இதைக் கழித்துக்கொள்வீர்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் கழற்றி முழுச் சுத்தம் செய்ய 800 முதல் 1,500. கெப்பாசிட்டர் மாற்ற, கூலி சேர்த்து 350 முதல் 600. பேஃபிள் ஃபில்டர் (தகடுகள் அடுக்கிய ஃபில்டர்) புதிதாகப் போட்டால் 1,000 முதல் 2,000. அலுமினியக் குழாய் மாற்ற, நீளத்தைப் பொறுத்து 700 முதல் 1,500. டச் போர்டு போய்விட்டால் 1,500 முதல் 3,000. மோட்டார் புதிதாக வைத்தால் 2,500 முதல் 5,000 வரை ஆகும். பில் போடும் இடத்தில் இதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். சொல்லும் தொகை வரியோடா, வரி தனியா என்று கேளுங்கள்.

நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. கோவை மோட்டாருக்குப் பேர்போன ஊர். தெருவுக்குத் தெரு காயில் கட்டும் கடை உண்டு. வாரண்டி முடிந்த பழைய மாடல் சிம்னி என்றால், மோட்டாரை அங்கே கொடுத்தால் 800 முதல் 1,500 ரூபாயில் காயில் கட்டித் தந்துவிடுவார்கள். புஷ் மாற்ற அதைவிடக் குறைவு. ஆனால் புது மாடல்களில் வரும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டாரை இவர்களிடம் கொண்டுபோகாதீர்கள். அது தனி போர்டோடு ஓடுவது.

எட்டு, ஒன்பது வருடம் ஓடிய சிம்னியில் மோட்டாரும் போர்டும் சேர்ந்து போனால் காசைக் கொட்டாதீர்கள். ரிப்பேர் செலவு புதிதின் விலையில் பாதியைத் தொட்டுவிட்டால் புதிதே வாங்கிவிடலாம்.

6. வேலை நடக்கும்போது

கூடவே நில்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டர் என்றால் பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் (µF) எண்ணும் புதியதில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பில்லில் பாகம் தனி, கூலி தனி என்று எழுதச் சொல்லுங்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் கையில் இருந்தால் அங்கே பேசச் சுலபம்.

7. அடுத்த ரிப்பேரைத் தள்ளிப்போட

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கொதிக்கும் நீரில், பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். கடலெண்ணெயில் பலகாரம் சுட்ட வாரம் என்றால் மறுநாளே கழுவிவிடுவது நல்லது. எவர்சில்வர் ஃபில்டருக்குச் சோடா உப்பு சேர்க்கலாம். அலுமினிய வலையாக இருந்தால் வாஷிங் சோடா வேண்டவே வேண்டாம், கறுத்துவிடும்.

தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) செங்கல் புகைபோக்கி இருந்தால்

அம்மா இருக்கும் சாளையில் இன்னும் விறகடுப்புதான். அந்தப் புகைபோக்கியையும் இந்த வருடம் சரிசெய்தோம். ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மேலே ஏறிப் பார்த்தால் செங்கல் இடுக்கில் காரை உதிர்ந்து, விரல் நுழையும் அளவுக்குச் சந்து. ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு நாள் வேலை. கூலி மட்டும் 1,900. மணல், சுண்ணாம்பு, உச்சியில் மழைத் தகடு எல்லாம் சேர்த்து 3,400 ஆனது. பழைய கட்டிடம் சுண்ணாம்புக் காரையில் கட்டியது என்றால் சிமெண்ட் மட்டும் போட்டுப் பூசவிடாதீர்கள். கெட்டியான சிமெண்ட் ஒட்டாமல் விரிசல் விடும், பழைய செங்கலும் அரிக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள்.

பூசியதும் அன்றே அடுப்பு மூட்ட வேண்டாம். நாங்கள் ஒரு வாரம் சாக்கை நனைத்துப் போட்டு ஈரம் காத்தோம், பிறகு நன்றாகக் காயவிட்டோம். முதல் நாள் நாலைந்து சுள்ளி மட்டும் வைத்துச் சின்னதாக மூட்டி, எங்காவது சந்தில் புகை கசிகிறதா என்று வெளியே நின்று பார்த்துவிட்டு, அடுத்த நாள்தான் அம்மா அரிசிம்பருப்புச் சோற்றுக்கு உலை வைத்தார்.